திவ்யாவின் கிளிப்பில் முத்தாயியின் காது

முத்தாயிக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் பத்தொன்பது வருடங்களை உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கழித்தாள். பூதக்கண்ணாடிக்கு அடியில் கையை வைத்து, எறும்புத் தலையளவு சிப்புகளைப் பச்சைப் பலகைகளில் பதிப்பது வேலை. எந்தப் பலகை எந்த மெஷினுக்குப் போகிறது என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒருநாள் தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. போகிறபோது மேலாளர் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்துக் கைகுலுக்கினார். கடிகாரம் ஆறே மாதத்தில் நின்றுபோனது. அதை முத்தாயி இன்றுவரை மன்னிக்கவில்லை.

விரலில் இருக்கும் நுணுக்கம் வீணாகக் கூடாது என்று சமூக மன்றத்தில் புருவம் திருத்தக் கற்றுக்கொண்டாள். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சம்சுன்னிசா அழகு நிலையம் திறந்திருந்த நேரம் அது. முத்தாயி போய்ச் சேர்ந்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு, மறுமுனையை விரல்களில் முறுக்கி, சரக் சரக்கென்று அவள் இழுக்கும்போது முடி தானாகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியேறும் என்று சம்சுன்னிசா வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். வலி உண்டு. வலிக்காது என்று சொன்னால் பொய். ஆனால் இரண்டு புருவமும் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை என்று தெரியும்படி இருக்கும், எல்லாக் கடையிலும் அப்படி அமையாது.

நாற்பத்தேழாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. மூன்றே மாதத்தில் முத்தாயிக்கு உலகம் ஊமைப்படமாகிவிட்டது. கேட்கும் கருவி எதை மாட்டினாலும் பயனில்லை. கணவன் மருதப்பன் பஸ் ஓட்டுநர். வீட்டில் அவன் கையாலும் கண்ணாலும் பேசப் பழகிக்கொண்டான். முத்தாயி வாயால் பேசுவதற்குத் தடையில்லை. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. கோயிலில் முருகனிடம் அவள் அந்தரங்கமாக வேண்டிக்கொண்டது அர்ச்சனைச் சீட்டு வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து மருதப்பன் அவளோடு கோயிலுக்குப் போனால் நாலடி தள்ளியே நிற்பான்.

வேலைக்குக் காது தேவைப்படவில்லை. அதுமட்டுமா, காது போனதுதான் அவளுக்குத் தொழிலில் பெரிய யோகமாக அமைந்தது. பெண்கள் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள், முத்தாயி தலைமாட்டில் நிற்பாள். அவளுக்கு எல்லா முகமும் தலைகீழாகத் தெரியும், ஆகவே உதட்டசைவைப் படிக்கவும் வழியில்லை. காது கேளாது, வாயில் நூல், முகத்தில் கனிவு. மனத்தில் உள்ளதைக் கொட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? சிவன் கோயிலில் நந்தியின் காதில் குனிந்து சொல்வதுபோல அத்தனை பேரும் அவளிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டு எழுந்து, கண்ணாடியில் புருவத்தைப் பார்த்துக்கொண்டு, அரைக் கிலோ குறைந்த மாதிரி படியிறங்கிப் போனார்கள். நூல் இழுக்கும்போது கண்ணில் நீர் வருவது வழக்கம் என்பதால், யாருடைய கண்ணீர் நூலுக்கானது, யாருடையது வேறொன்றுக்கானது என்று முத்தாயி பிரித்துப் பார்த்ததில்லை. பஞ்சை எடுத்து ஒற்றிவிடுவாள், அவ்வளவுதான்.

இப்படியே பதினோரு வருடம் போனது. பிறகு மருதப்பனின் நச்சரிப்பு தாங்காமல் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டாள். மண்டை எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெஷினை வைத்து, அதிலிருந்து மயிரிழை போன்ற கம்பியை உள்காதுக்குள் விட்டார்கள். வெளியே ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டு ஒன்று. அதைத் தலைமுடிக்குள் கொண்டுபோனால் டக்கென்று காந்தம் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். வட்டு கேட்கும், உள்ளே இருக்கும் மெஷின் மூளைக்குச் சொல்லும்.

"பத்தொம்பது வருஷம் நான் மெஷினுக்குள்ள சிப்பு வச்சேன், இப்ப அது எனக்குள்ள வச்சிருச்சு" என்றாள் முத்தாயி. கணக்கு நேராகிவிட்டது என்று அவளுக்கு ஒரு திருப்தி.

மெஷினை முடுக்கிவிட்ட அன்று கிளினிக்கில் மருதப்பன் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "முத்து, கேக்குதா?" என்றான். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து தவளை பேசியதுபோல் இருந்தது.

"யாருங்க இது? எந்தக் கிரகத்துல இருந்து வர்றீங்க?" என்றாள்.

கிளினிக்கில் மெஷினைச் சரிபார்த்த பெண் சிரித்தாள். முதலில் எல்லார் குரலும் ரோபோ மாதிரிதான் இருக்கும், மூளை பழகப் பழக ஒவ்வொரு குரலாக மனிதக் குரலாகும் என்று எழுதிக் காட்டினாள். வட்டு தொலைந்தால் தேடுவதற்குக் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தாள். பக்கத்தில் போனால் பச்சைக் கோடுகள் கூடும், விலகினால் குறையும். கடைசியாக ஓர் எச்சரிக்கை. வட்டில் காந்தம் இருக்கிறது, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் போனால் அரை அடியாவது தள்ளி வைக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்து யாருக்கு அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே முத்தாயி தலையாட்டினாள்.

அன்று வீடு திரும்பியவள், தன் கணவன் குளியலறையில் பாடுகிற வழக்கம் உடையவன் என்பதைப் பதினோரு வருடம் கழித்து அறிந்துகொண்டாள். அது எந்தக் கிரகத்திலும் செல்லாத பாட்டு.

ஒரு மாத விடுப்பு முடிந்து கடைக்குப் போனபோது கையில் லட்டுப் பெட்டி வைத்திருந்தாள். எல்லாரிடமும் நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு லட்டுக் கொடுப்பதாகத்தான் திட்டம். முதல் வாடிக்கையாளர் காத்திருந்தார், சரி, இவருக்கு முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நூலைப் பல்லில் கவ்வினாள். படுத்தவர் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. படுத்த வேகத்தில், "முத்தக்கா, இந்தப் புள்ளைங்கள எனக்குப் பிடிக்கவே மாட்டேங்குதுக்கா, முப்பது வருஷமா நடிக்கிறேன்" என்று தொடங்கினார். முத்தாயி வாயில் நூல். நூலை விட்டால் புருவம் பாதியில் கோணலாகிவிடும். ஆகவே கேட்டாள். முடிந்து நூலை வாயிலிருந்து எடுத்தபோது ஆசிரியை பன்னிரண்டு நிமிடம் பேசி முடித்திருந்தார். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு, "எனக்கு இப்ப காது கேக்கும்மா, லட்டு எடுத்துக்குங்க" என்று சொல்வது? லட்டை அவளும் சம்சுன்னிசாவுமே தின்று தீர்த்தார்கள்.

"வாயத் தொறக்காதீங்க முத்தக்கா" என்றாள் சம்சுன்னிசா. அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "இவங்கள்லாம் புருவத்துக்கா வர்றாங்க? புருவத்துக்கு எதுத்தாப்லயே நாலு கடை இருக்கு லா. உங்களுக்குக் காது கேக்கும்னு தெரிஞ்சா ஒருத்தி படியேற மாட்டா."

முத்தாயி சவுரி வைத்துக் கொண்டை போட்டாள். கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம், அதற்குள்ளே காது. "என்னக்கா, இப்பெல்லாம் தினமும் பூ வச்சு ஜம்முன்னு வர்றீங்க" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவள் காது கேளாதவளாகச் சிரித்தாள்.

அந்த முதல் சில வாரங்கள் அவள் வாழ்க்கையிலேயே சுகமான காலம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவளுக்கும் இருக்கவில்லை. பரிசு வாங்கிய மீன்கறி உணவங்காடியில் வாங்கி வந்தது என்று ஒருத்தி சொன்னாள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதாகக் கணவனிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து ரொட்டி பிராட்டா தின்பதாக இன்னொருத்தி சொன்னாள். சிரிப்பை அடக்கப் போய் முத்தாயி எத்தனை நூலை அறுத்தாள் என்பது சம்சுன்னிசாவுக்குத்தான் தெரியும். குரல்களும் ஒவ்வொன்றாக மனிதக் குரலாகிக்கொண்டு வந்தன. முதலில் மருதப்பன், பிறகு சம்சுன்னிசா. மூன்றாவதாகக் கனிந்த குரல் திவ்யதர்ஷினியுடையது.

திவ்யாவுக்கு முப்பத்துநான்கு வயது. பிடோக்கில் பெற்றோருடன் இருக்கிறாள். ஓர் அறிவியல் கூடத்தில், வட்டக் கூரையில் நட்சத்திரம் காட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வேலை. ஆறு வருடமாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறவள். வரும்போது ஒரு பெரிய எஃகுக் கிளிப்பைக் குர்தாவின் கழுத்தோரம், இடது பக்கம் மாட்டியிருப்பாள். படுக்கும்போது அதைக் கழற்றி முன்முடியைச் சேர்த்து உச்சியில் குத்திக்கொள்வாள். எழுந்ததும் அது பழையபடி இடது கழுத்தோரம் போய்விடும்.

காது வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சே முத்தாயியைத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, இன்னைக்கு ஒரு பையன் கேட்டான். வேற கிரகத்துல இருந்து வர்றவங்க எப்படி இருப்பாங்கன்னு. மெஷினாத்தான் இருப்பாங்கன்னு சொன்னேன். அவ்ளோ தூரம் வர்றதுக்குச் சதையும் ரத்தமும் தாங்காது. ஆனா மெஷினாவே பொறந்திருக்க மாட்டாங்கக்கா. நம்மள மாதிரிதான் பொறந்திருப்பாங்க. மொதல்ல காத மாத்தியிருப்பாங்க. அப்புறம் முட்டி. அப்புறம் இதயம். மாத்தி மாத்தி, கடைசில பழைய சாமான் ஒண்ணும் மிச்சம் இருக்காது."

காது என்றதும் முத்தாயியின் கை நின்றது. திவ்யா கண்ணை மூடியபடியே தொடர்ந்தாள்.

"அவங்க ஏற்கனவே வந்திருந்தாக்கூட நமக்குத் தெரியாதுக்கா. சத்தம் போடாம நம்ம பக்கத்துலயே நின்னுக்கிட்டு, நாம பேசுறத எல்லாம் கேட்டுக்கிட்டிருப்பாங்க."

நூல் அறுந்தது. முத்தாயி புது நூல் எடுப்பதற்குள் திவ்யா குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஒண்ணு ஏற்கனவே மாத்தியாச்சு. நீங்கதான் எத்தனையோ தடவ கேட்டுட்டீங்களே. கேக்காமலே கேட்டுட்டீங்க."

இருபத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்துப் படிக்கட்டில் மயங்கி விழுந்திருக்கிறாள். இதயம் நினைத்தபோது துடித்து நினைத்தபோது ஓய்வெடுக்கும் ரகம். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு வரனுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்று கைப்பேசி வாங்க வந்தவர் மாதிரி கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார். அன்றிலிருந்து திவ்யா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, முத்தாயியைத் தவிர.

"சொல்லுங்கக்கா, ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனா எந்த இடத்துல மனுஷி முடிஞ்சு மெஷின் ஆரம்பிக்குது? நான் இப்ப எந்தப் பக்கம்?"

பல்லிடையில் நூலோடு முத்தாயி நின்றாள். திவ்யாவின் கண்ணோரம் நீர் இறங்கியது. ஆறு வருடமாக அதை நூலுக்கு வந்த நீர் என்றே எண்ணியிருந்தாள். பஞ்சை எடுத்து ஒற்றினாள். சுகமான காலம் அந்த நிமிடத்தோடு முடிந்தது என்றுதான் சொல்லவேண்டும். மற்றவர்களிடம் ஒட்டுக்கேட்டது விளையாட்டு, இவளிடம் கேட்டது திருட்டு.

அதற்கு மேல் காந்தக் கவலை வேறு. தலையில் காந்தத்தை வைத்துக்கொண்டு நெஞ்சில் மெஷின் வைத்தவளின் மேல் எப்படிக் குனிவது? அன்றிலிருந்து திவ்யா வந்தால் முத்தாயி எட்டி நின்று, உடம்பை வில்லாக வளைத்து, தலையை மட்டும் வேறு ஊருக்குப் போவதுபோல் விலக்கிக்கொண்டு வேலை செய்தாள். இடது புருவம் கோணலாகத் தொடங்கியது. "என்னக்கா, எங்கிட்ட ஏதாச்சும் வாடை அடிக்குதா?" என்று திவ்யா கேட்டாள். காது கேளாதவள் பதில் சொல்ல முடியாதே.

சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். சொன்னால், உலகத்தில் திவ்யாவுக்கு இருக்கிற ஒரே காது போய்விடும். சொல்லாவிட்டால் இது துரோகம். இப்படியே ஏழெட்டுத் தடவை ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திவ்யா அவசரமாக வந்தாள். அன்றைக்குப் பேச்சு முழுக்க மதுசன். ஒரு வருடப் பழக்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அம்மா இராசேஸ்வரி, அப்பா இராஜரத்தினம்.

"இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்றாங்கக்கா, நாள் குறிக்கிறதுக்கு. மதுசனும் அம்மாவும் தேக்கா மார்க்கெட்ல பூவும் பழமும் வாங்கிக்கிட்டு ஸ்டேஷன்ல காத்திருக்காங்க, ஒண்ணா பிடோக் போறோம். மெஷின் விஷயத்த இன்னும் சொல்லலக்கா. மொதல்ல அவர்கிட்ட, அப்புறம் அவங்க அம்மாகிட்ட. நானே, என் வாயால, நல்ல நேரம் பார்த்துச் சொல்லணும். வேற யார் மூலமாவும் தெரிஞ்சிரக் கூடாது."

முத்தாயி தலையை இன்னும் விலக்கினாள். இடது புருவத்தின் கடைசி முடி. கழுத்தை ஒரு நெளி நெளித்துக் குனிந்தாள். டக்.

உலகம் நின்றது. குளிர்சாதனத்தின் இரைச்சல், கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் ஆரவாரம், எல்லாம் ஒரே நொடியில் காணோம். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். முகத்தில் மாற்றம் காட்டாமல் முடித்தாள். திவ்யா எழுந்து, கைப்பேசியைப் பார்த்துப் பதறி, முடியைக்கூட அவிழ்க்காமல் கையசைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

முத்தாயி பின்னறைக்குப் போய்ப் பேட்டரி மாற்றக் கொண்டைக்குள் கையை விட்டாள். வட்டு இல்லை. கொண்டையை அவிழ்த்தாள், சவுரியை உதறினாள், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தாள். சம்சுன்னிசா வந்து பார்த்தபோது வரவேற்பறைக் குப்பைத்தொட்டி தலைகீழாக இருந்தது. இருவரும் தேடினார்கள். அப்போதுதான் முத்தாயிக்கு அந்த எஃகுக் கிளிப் ஞாபகம் வந்தது.

அவள் காது திவ்யாவின் தலையில் இருக்கிறது. தலையில் இருக்கிறவரைக்கும் பாதகமில்லை. ரயிலில் ஏறியதும், ஏன் அதற்கு முன்பே, திவ்யா கிளிப்பைக் கழற்றிக் கழுத்தோரம் மாட்டுவாள். இடது பக்கம். மெஷினுக்கு நேர் மேலே.

முத்தாயி செருப்பைக்கூட மாற்றவில்லை. கடைக்குள் போடும் ரப்பர் செருப்போடு, அவிழ்ந்த கூந்தலோடு, கையில் கைப்பேசியைத் தீபத்தட்டுபோல ஏந்திக்கொண்டு ஓடினாள். டன்லப் ஸ்திரீட்டில் பச்சைக் கோடு ஒன்றுகூட இல்லை. சிராங்கூன் சாலையில் விளக்குக்காகக் காத்திருந்தபோதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அது, விடுமுறை எடுத்த ஆயிரம் பேர் தோளோடு தோள் உரசி நின்றார்கள், ஒரு சத்தமும் இல்லை. பஃபலோ ரோட்டில் காய்கறித் தட்டுகளை இடித்துக்கொண்டு போனாள். முருங்கைக்காய்க்காரர் வாயைத் திறந்து ஏதோ சொன்னார், நிச்சயம் வாழ்த்தியிருக்க மாட்டார்.

ஓடும்போதே திட்டம் போட்டாள். திவ்யாவைத் தனியாக ஓரம் கூப்பிடுவேன். கிளிப்பைக் கையில் வாங்குவேன். சத்தமில்லாமல் சொல்வேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். என்னைத் திட்டட்டும், இனிமேல் என் பக்கமே வராமல் போகட்டும், அவள் ரகசியம் அவளிடமே இருக்கட்டும்.

ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டி உள்ளே போனாள். நகரும் படிக்கட்டு முடிவில்லாமல் பூமிக்குள் இறங்கியது. ஒரு பச்சைக் கோடு. இரண்டு. நடைமேடையில் கால் வைத்தபோது மூன்று.

திவ்யா தெரிந்தாள். பக்கத்தில் உயரமாக ஓர் இளைஞன், கையில் பழக்கூடை. பச்சைப் பட்டுப்புடவையில் ஒரு வயதான அம்மாள், கையில் பூப்பொட்டலம். திவ்யாவின் முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. கிளிப் இடது கழுத்தோரம் வந்துவிட்டிருந்தது. முத்தாயி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் கையை நீட்டி, கிளிப்பில் ஒட்டியிருந்த வட்டைத் தடவி, ஏதோ அழகாயிருக்கிறதென்று சொல்வதுபோல் அதைத் திவ்யாவின் நெஞ்சோடு சேர்த்து அழுத்தி நேராக்கினார்.

திட்டம் காற்றில் போனது.

"திவ்யா! நெஞ்சுல மெஷின் இருக்குல்ல, அந்தக் கிளிப்பக் கழட்டு! அதுல காந்தம் இருக்கு, ஒன் பேஸ்மேக்கர் நின்னுரும்! கழட்டு!"

தன் எண்ணத்தில் அவள் மெல்லக் கூப்பிட்டாள். நடைமேடையில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் திரும்பியதைப் பார்த்தபோதுதான் எவ்வளவு மெல்ல என்று அவளுக்குப் புரிந்தது. ரயில் வந்து நின்று, கதவு திறந்து, யாரும் ஏறாமல் ஒரு கணம் நின்றது.

திவ்யா கிளிப்பைப் பிடுங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். அதில் ஒட்டியிருந்த வட்டைப் பார்த்தாள். முத்தாயியின் கலைந்த தலையைப் பார்த்தாள். அதில் மழிக்கப்பட்டு முளைத்த குட்டை முடியும் தையல் தடமும் தெரிந்தன. நட்சத்திரக் கணக்குப் போடுகிறவளுக்கு இது பெரிய கணக்கா? அவள் முகம் வெளுத்தது. உதடு அசைந்தது. இந்தத் தடவை முகம் நேராக இருந்ததால் முத்தாயியால் படிக்க முடிந்தது. எல்லாத்தையும் கேட்டீங்களா?

"ஆறு மாசமா" என்றாள் முத்தாயி. அதுவும் நடைமேடை முழுவதற்கும் கேட்டது. "என்னய மன்னிச்சிரு தாயி."

மதுசனின் வாய் அசைந்தது. அந்த அம்மாளின் வாய் அசைந்தது. யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் முத்தாயி நடுவில் நின்று அழுதாள். தான் கெடுத்த கல்யாணத்தைத் தன் காதால்கூடக் கேட்க முடியாத நிலை. கடைசியில் திவ்யாவே ஓரடி முன்னால் வந்து, கையை நீட்டி, வட்டை முத்தாயியின் தலையில் வைத்தாள். டக்.

முதலில் கேட்டது பழக்கமில்லாத குரல். பழகாத குரல் என்பதால் தகர டப்பாக் குரல், வேற்றுக் கிரகத்திலிருந்து நேராக வந்திறங்கிய குரல். அது கேட்டது.

"பிள்ளை, உதுக்குப் பற்றரி எத்தின வருசம் நிக்கும்?"

அதே கேள்வி. திவ்யாவின் தாடை இறுகியதை முத்தாயி பார்த்தாள்.

"ஏழு வருஷம் போல ஆன்ட்டி" என்றாள் திவ்யா. "ஒரு தடவ மாத்தியாச்சு. அடுத்தது ரெண்டு வருஷத்துக்குள்ள வரும்."

இராசேஸ்வரி அம்மாள் யோசித்தார்.

"அப்ப கலியாணத்துக்கு முதலே மாத்துறதோ, பிறகோ? மண்டபம் பதியிறதுக்கு முதல் சொல்லிப்போடு. பிறகு ஆசுப்பத்திரித் தேதியும் மண்டபத் தேதியும் அடிபடக் கூடாது."

திவ்யா விழித்தாள்.

"என்ன பாக்கிறாய்? எனக்கு ரெண்டு முழங்காலும் உருக்கு. இவன்ர அப்பாவுக்குக் கண்ணுக்குள்ள வில்லை, வாய் முழுக்கக் கட்டின பல்லு. எங்கட வீட்டில முழு மனிசன் எண்டால் இவன் ஒருத்தன்தான். இவனால ஒரு பிரயோசனமும் இல்லை."

அந்த முழு மனிதன் சிரிக்கவில்லை. "ஒரு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டான். கோபம் மெஷின் மேல் இல்லை, சொல்லாததன் மேல். அது இரண்டு வாரம் நீடித்தது. நியாயமான கோபம்தான். ஆனாலும் பழக்கூடையை அவன் திருப்பி எடுத்துப் போகவில்லை, அடுத்த ரயிலில் மூவரும் பிடோக் போனார்கள். போகிறபோது திவ்யா முத்தாயியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காந்தம் பட்டதற்குப் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது, இதயம் சிறிது நேரம் ஒரே தாளத்தில் அடித்திருக்கும் என்று பின்னர் மருத்துவர் சொன்னாராம். அதற்காகவா இந்த ஓட்டம் என்று மருதப்பன் கேட்டான். முத்தாயி காதைக் கழற்றி வைத்துவிட்டாள். இந்த வசதி இப்போது அவளுக்கு உண்டு.

மறுநாளே எல்லாரிடமும் உண்மையைச் சொன்னாள். தலைமையாசிரியை இருபது நிமிடம் கத்தினார். மூன்று பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள், அதில் இருவர் புருவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சம்சுன்னிசா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் கிண்ணம் வைத்தாள். இப்போது யார் வந்தாலும், கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதுபோல, முதலில் முத்தாயியின் காதைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். தலைமையாசிரியை அதன்மேல் துண்டு வேறு போட்டு மூடுகிறார்.

திவ்யா மட்டும் வரவில்லை. மூன்று வாரம், ஆறு வாரம். படியில் காலடி கேட்டால் முத்தாயி வாசலைப் பார்ப்பாள். எட்டி நின்று குனியவைக்கும் ஆள் வராததால் இடுப்பு வலி நின்றுபோனது, மனவலி நிற்கவில்லை.

ஒன்பதாவது வாரம் திவ்யா வந்தாள். குர்தாவின் கழுத்தோரத்தில் கிளிப் இல்லை. முடியில் பிளாஸ்டிக் கிளிப். நேரே வந்து படுத்தாள். முத்தாயி தன் காதைத் தானே கழற்றிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, நூலைப் பல்லில் கவ்வினாள்.

திவ்யா எழுந்து உட்கார்ந்தாள். கிண்ணத்திலிருந்து வட்டை இரண்டு விரலால் எடுத்து, கையைத் தூரமாக நீட்டி, முத்தாயியின் தலையில் வைத்தாள். டக்.

"இதக் கழட்டாதீங்க. நூலயும் வாயில இருந்து எடுங்க. ஆறு வருஷமா நான் மட்டும்தான் பேசிக்கிட்டிருக்கேன். அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா? எந்த இடத்துல மனுஷி முடிஞ்சு மெஷின் ஆரம்பிக்குதுன்னு?"

முத்தாயி நூலை எடுத்தாள். அந்தக் கேள்வியை அவள் எத்தனை இரவு புரண்டு புரண்டு யோசித்தாள் என்பது மருதப்பனுக்குத் தெரியும்.

"பத்தொம்பது வருஷம் மெஷினோட வேல பாத்தவ நான்" என்றாள். "எத்தனை ஆயிரம் பலகை இந்தக் கையால போயிருக்கு. அதுல ஒண்ணுகூட ஒரு தடவ அழுததில்ல. நீ படுத்தியன்னா எனக்கு ஒரு டப்பா பஞ்சு காலி. பேசாமப் படு."

திவ்யா சிரித்தாள், சிரிப்பிலேயே கண் நிறைந்தது. முத்தாயி பஞ்சுடப்பாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அரை அடி தள்ளி நின்று, உடம்பை வில்லாக வளைத்து நூலைக் கவ்வினாள். கல்யாணப் படங்களில் பார்த்தால் மணப்பெண்ணின் இடது புருவம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.